பனிப்புகார் மணி

யூன் 14, வெள்ளி

இந்தக் கொப்பியை வாங்கித் தந்தது மகள் தர்மிகா. "அம்மா, மலையில என்னென்ன பாக்கிறியளோ எல்லாத்தையும் ஜேர்மனில எழுதி வையுங்கோ. பேந்து அவை கேக்கேக்க சொல்லலாம்" எண்டவள். ஜேர்மனில எழுதினால் நான் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நல்லதை மட்டும்தான் எழுதுவன். பிழை வராத சொல்லாத் தேடித் தேடி எழுதி, கடைசியில பொய்தான் மிஞ்சும். அதால தமிழில எழுதுறன்.

நடந்தது இதுதான். நேற்று ஊர்ச்சபையில எங்கட ரெண்டு பேருக்கும் சுவிஸ் குடியுரிமைக்கான நேர்முகம். மேசைக்கு அந்தப் பக்கம் ஐஞ்சு பேர். முதல்ல என்ர மனிசன் சிவநேசன் உள்ள போனவர். வெளியில வரேக்க ஒரே புளுகம், முகமெல்லாம் சிரிப்பு. "என்ன கேட்டவை?" எண்டன். "ஷாஃப்பாஸ் கணவாய்க்குப் போனனீங்களோ எண்டு கேட்டாங்கள். ஓம், நல்ல காட்சி எண்டு சொன்னன்" எண்டார். இந்த மனிசன் ஏறின ஆக உயர்ந்த மலை எங்கட வீட்டுப் படி. கணவாய் எண்டால் அவருக்குக் கறி வைக்கிற கணவாய்தான்.

பிறகு நான் போனனான். சட்டம், சபை, தேர்தல் எல்லாம் சரியாத்தான் சொன்னன். கடைசியில தலைவி அதே கேள்வியைக் கேட்டா. "எங்கட ஊருக்கு மேல இருக்கிற ஷாஃப்பாஸுக்குப் போயிருக்கிறியளோ?"

"இல்லை" எண்டன்.

"இருபத்திரண்டு வருசமா இந்த ஊரில இருக்கிறியள். ஒருக்காவது மேல என்ன இருக்கெண்டு பாக்க மனம் வரேல்லையோ?"

செப்டெம்பர் பத்தொன்பதாம் திகதி திரும்ப வரச் சொல்லிட்டினம். அதிலயும் சரிவராட்டி விண்ணப்பம் முழுக்கத் திரும்ப முதலில இருந்து. சிவநேசனுக்கு அண்டைக்கே ஓம். போகாத மனிசன் போனனான் எண்டு சொல்லிப் பாஸ்.

இம்போடன் எண்டு மாடு வளக்கிற கிழவர் ஒருவரும் அந்த ஐஞ்சு பேரில இருந்தவர். அவர் ஒரு கேள்வியும் கேக்கேல்ல. என்ர காலில கிடந்த சப்பாத்தையே பாத்துக்கொண்டு இருந்தவர்.

"இல்லை" எண்டு சொல்லேக்க எனக்குக் காது ரெண்டும் சுட்டது. அதைப் பற்றி இப்ப எழுத நேரமில்லை. வேலைக்குப் போக வேணும். முதியோர் இல்லத்துச் சலவையில வெள்ளிக்கிழமைதான் கட்டில் விரிப்பு நாள்.

யூன் 15, சனி

நிலவறையில இருந்து தர்மிகாவின்ர பழைய சைக்கிளை எடுத்தனான். ரெண்டு சில்லுக்கும் காத்தில்லை. பம்மைத் தேடி எல்லாப் பெட்டியையும் இழுத்துப் போட்டன். மூலையில கிடந்த நீலப் பையை மட்டும் திரும்பப் பின்னுக்குத் தள்ளி வச்சிட்டன். பம் கடைசியில தகர அலமாரிக்கு மேல இருந்தது.

யூன் 30, ஞாயிறு

முதல் ஓட்டம்! எழுதவே சிரிப்பா வருது.

யாழ்ப்பாணத்தில பெற்றோல் இல்லாத காலத்தில நான் சைக்கிளில ஓடாத இடமில்லை. பின்னுக்கு மாமியையும் முன்னுக்கு அரிசிச் சாக்கையும் வச்சு மிதிச்சிருக்கிறன். ஆனா அங்க நிலம் தட்டையடியப்பா. இஞ்ச முதல் வளைவிலயே நெஞ்சு அடைச்சுது. இறங்கி உருட்டினன், ஏறினன், திரும்ப இறங்கினன். நாப்பத்தொன்பது வயதுக்கு இது போதும் எண்டு கால் சொல்லுது, அடுத்த வளைவில என்ன இருக்கெண்டு மண்டை கேக்குது.

தார் றோட்டு பதினொரு கிலோமீற்றர். அது முடியிற இடத்தில மாட்டுப் பட்டி. அதுக்கங்கால நடைதான். இண்டைக்குப் பட்டிக்குப் போகேல்ல, எட்டாவது கிலோமீற்றரோட திரும்பிட்டன். மேல இன்னும் வெள்ளையா இருக்கு. வழியில மஞ்சள் பலகையில ஷாஃப்பாஸ் எண்டு எழுதி, நாலரை மணித்தியாலம் எண்டு போட்டிருக்கு. யாற்ற காலுக்கு நாலரை?

ஒண்டு கவனிச்சன். கல்லுக்கல்லா வெள்ளை சிவப்பு வெள்ளை எண்டு பட்டை பூசியிருக்கு. வழி தவறாமல் இருக்கவாம். பனிப்புகார் மூடினால் அதுகள் எப்பிடித் தெரியும் எண்டு யோசிச்சுக்கொண்டு இறங்கினன்.

யூலை 14, ஞாயிறு

இண்டைக்கு சிவநேசனும் வந்தவர். வாடகைக்கு எடுத்த மோட்டர் பூட்டின சைக்கிளில. "நீர் தனியப் போய் விழுந்து கிடந்தால் ஆர் தூக்கிறது?" எண்டு பெரிய கதை. மூண்டாவது வளைவில மோட்டரை எப்பிடிப் போடுறதெண்டு தெரியாமல் இறங்கி நிண்டார். நான் வந்து பொத்தானை அமத்திக் குடுத்தன். ஐஞ்சாவது வளைவில வாங்கில் ஒண்டைக் கண்டதும் இருந்திட்டார். ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு போனனான். முழுக்க அவர்தான் சாப்பிட்டார்.

"கௌரி, உமக்கேன் இந்த ஆக்கினை? போனனான் எண்டு சொல்லும். முடிஞ்சுது."

"பொய் சொல்லச் சொல்றியளோ?"

"உலகத்தில ஆர் சொல்லாத பொய்? நீர் இந்த நாட்டுக்குள்ள லொறிப் பெட்டிக்குள்ள கோழி மாதிரி அடைபட்டு வந்தனீர். ஒரு மலையையும் காணேல்ல. இப்ப என்ன திடீரெண்டு?"

நான் போத்தலை எடுத்துக் குடிச்சன். போத்தலில தண்ணி முடிஞ்சு போச்சு.

அவரை வாங்கிலில விட்டிட்டு நான் மட்டும் பட்டி வரைக்கும் போனனான். அங்க இம்போடன். மாட்டுக்கு உப்புக் கட்டி வச்சுக்கொண்டு நிண்டவர். என்னைக் கண்டதும் தொப்பியைத் தூக்கினார். வந்த வேலையை விட்டிட்டு நான் கேட்ட கேள்வியைப் பாருங்கோ. "மேல மணி ஏதும் இருக்கோ?"

"மாடெல்லாத்துக்கும் மணிதான்."

"மாட்டு மணி இல்லை. பெரிய மணி. கோயில் மணி மாதிரி."

அவர் உப்பைக் கீழ வச்சிட்டு என்னைப் பாத்தார். "ஷாஃப்பாஸுக்குப் போகேல்ல எண்டு சொன்ன ஆள் அங்க இருக்கிற மணியைப் பற்றிக் கேக்கிறியள்" எண்டார்.

"ஆரோ சொன்னவை" எண்டு சொல்லிட்டுச் சைக்கிளைத் திருப்பினன். பிரேக் பிடிக்காமல் இறங்கினன். கோதாரி, வாய் இருக்கே இந்த வாய்!

யூலை 15, திங்கள்

சரி, எழுதுவம். கொப்பி என்ர கொப்பி. தமிழ் வாசிக்கிறவர் இந்த வீட்டில சிவநேசன் மட்டும்தான். அவர் பேப்பரில விளையாட்டுப் பக்கம் தவிர ஒண்டும் வாசிக்கமாட்டார்.

நான் லொறியில வரேல்ல.

1992 ஓகஸ்டில இத்தாலிப் பக்கத்தில இருந்து ஒரு மலையைத் தாண்டி நடந்து வந்தனான். எந்த மலை எண்டு தெரியாது. ஆறு பேரும் ஏஜென்சிக்காரன் வழிகாட்ட விட்ட ஒரு பெடியனும். காலமை வெளிக்கிட்டனாங்கள், ஒரு மணித்தியாலத்தில புகார் இறங்கிட்டு. பகல் பன்னிரண்டு மணிக்கு என்ர கை எனக்குத் தெரியேல்ல. முன்னுக்குப் போறவரின்ர பையைப் பிடிச்சுக்கொண்டு நடந்தனாங்கள். பிடிபட்டால் "லொறியில வந்தனான், வழி தெரியாது" எண்டு சொல்ல வேணும். அதை முப்பது தரம் பாடமாக்க வச்சிட்டுத்தான் கூட்டிக்கொண்டு வந்தவன். அப்ப வந்த எல்லாரும் அப்பிடித்தான் சொன்னது. அதிகாரி கேட்டார், லொறி எண்டன். எழுதினார். பிறகு கல்யாணம் பேசி வந்த சிவநேசனுக்கும் லொறி எண்டன். பிள்ளைக்கும் லொறி. இருபத்தேழு வருசம் லொறி.

உண்மையைச் சொன்னால் அண்டைக்குப் பொய் சொன்னதெண்டு இப்ப பாஸ்போட்டை மறிப்பினமோ எண்டு பயம். அதுதான் "இல்லை" எண்டது. ஆனா அந்தக் கேள்வியைக் கேட்ட நிமிசத்தில இருந்து எனக்கு ஒரே விடுப்பு, அறியாமல் இருக்க ஏலேல்ல. இந்த மலைதானோ அது? நான் நடந்த இடத்தைச் சுற்றி என்ன இருந்தது? பள்ளமோ, குளமோ, புல்லோ? ஒரு தேசத்துக்குள்ள கண்ணைக் கட்டிக்கொண்டு வந்த மாதிரி வந்திட்டன். ஒருக்கா வெளிச்சத்தில பாக்க வேணும்.

எனக்கு நினைவில இருக்கிறது ஒண்டே ஒண்டு. மணி. எங்கேயோ கிட்டத்தில, விட்டு விட்டு அடிச்சுக்கொண்டே இருந்தது. "பொலிஸ் மணி! எங்களைக் கண்டிட்டாங்கள், ஓடுங்கோ" எண்டு அந்தப் பெடியன் கத்தினவன். ஓடினனாங்கள்.

வேற ஒண்டும் நினைவில்லை.

ஓகஸ்ட் 1, வியாழன்

சுவிஸ் நாட்டின்ர பிறந்தநாள். ஊரெல்லாம் பட்டாசு. எனக்கு முழங்காலில தைலம்.

ஓகஸ்ட் 11, ஞாயிறு

போயிட்டன். போயிட்டன். போயிட்டன்.

விடிய ஐஞ்சரைக்கு வெளிக்கிட்டனான். எட்டரைக்குப் பட்டி. சைக்கிளை வேலியில கட்டிப்போட்டு நடந்தன். தர்மிகா வாங்கித் தந்த மலைச் சப்பாத்து, அடி கெட்டி, கணுக்கால் வரைக்கும் பிடிக்குது. ஒரு துண்டு முகில் இல்லை. ஐயோ, என்ன வடிவெண்டு ஆரிட்டச் சொல்ல! முதல்ல காடு, பிறகு கட்டைப் பத்தைகள், பிறகு வெறும் புல்லும் கல்லும். கல்லுக்குள்ள இருந்து கொழுத்த எலி மாதிரி ஒரு சாமான் எழும்பி நிண்டு விசில் அடிச்சுது. நான் பயத்தில "போ!" எண்டு தமிழில கத்தினன். அதுக்கு விளங்கிச்சுது, ஓடிட்டுது. ஒரு சின்னக் குளம், பச்சைக் கண்ணாடி நிறம். அதைப் பாத்துக்கொண்டு பத்து நிமிசம் நிண்டன். நான் முதல் தரம் இதுக்குப் பக்கத்தாலதான் போயிருக்க வேணும், காணேல்ல.

பதினொன்றரைக்கு மேல ஏறினன். கணவாய் எண்டால் பெரிய வாசல் மாதிரி இருக்கும் எண்டு நினைச்சனான். ரெண்டு மலைக்கு நடுவில ஒரு பதிஞ்ச இடம், அவ்வளவுதான். நடுவில எல்லைக் கல். ஒரு பக்கம் சுவிஸ், மற்றப் பக்கம் இத்தாலி. ஒரு காலை அங்கயும் ஒரு காலை இஞ்சயும் வச்சுப் பாத்தன். பாக்க ஒருத்தருமில்லை.

கல்லில இருந்து ஒரு இருநூறு அடி தள்ளி, சுவிஸ் பக்கத்தில, கல்லால கட்டின தங்குமடம். தாழ்வாரத்தில மணி தொங்குது. கயிறோட.

நான் திரும்பி எல்லைக் கல்லைப் பாத்தன். அவ்வளவு கிட்டவோ! இருநூறு அடி!

உள்ள போனால் சப்பாத்தைக் கழட்டி ராக்கையில வைக்க வேணும், அங்க இருக்கிற வீட்டுச் செருப்பைப் போட வேணும். அது இஞ்சத்தை முறை. மடத்தைப் பாக்கிறது ரேகுலா எண்ட ஒரு பொம்பிளை. ஐம்பது தாண்டியிருக்கும், குட்டைத் தலைமயிர், பெரிய கை. நல்ல வெய்யில் எண்டதால எல்லாரும் வெளியில, உள்ள நானும் அவவும்தான். சூப் தந்தா.

"அந்த மணி என்னத்துக்கு?" எண்டு கேட்டன். சும்மா கேக்கிற மாதிரி.

"புகாருக்கு" எண்டா. "புகார் இறங்கினால் நாங்கள் விட்டு விட்டு அடிப்பம். வழி தவறினவை சத்தத்தைப் பிடிச்சுக்கொண்டு இஞ்ச வந்து சேருவினம். இருநூறு வருசமா இதுதான் வழக்கம். மணி கேட்டால் உள்ள சூப் இருக்கெண்டு அர்த்தம்."

கரண்டியைக் கீழ வச்சிட்டன். நாங்கள் ஓடினது அந்த மணிக்கு. வா எண்டு கூப்பிட்ட மணிக்கு. ஆறு பேர், நனைஞ்சு, பசியோட, சூப்பைவிட்டு மற்றப் பக்கமா ஓடியிருக்கிறம்!

வாய் சும்மா இருக்குமோ? "தொண்ணூற்றிரண்டிலயும் அடிச்சனீங்களோ?" எண்டு கேட்டிட்டன்.

ரேகுலா என்னை வடிவாப் பாத்தா. "அப்ப மடம் அம்மாவின்ர. அடிச்சது நான்தான். நீங்கள் இந்தியாவோ, இலங்கையோ?"

"இலங்கை. தமிழ்."

"பொறுங்கோ" எண்டு எழும்பிப் போய் அலுமாரியில இருந்து ஒரு தடிச்ச புத்தகத்தைக் கொண்டுவந்தா. இந்த மடத்துக்கு வாற ஒவ்வொருத்தரும் அதில எழுத வேணும், பேர், எங்க இருந்து, எங்க போறது. ஆரும் மலையில காணாமப் போனால் தேடுறதுக்காம். பழைய புத்தகம் ஒண்டையும் எறியிறதில்லை. "டெல்லியில இருந்து ஒருத்தர் வந்தார், அவருக்கு இது வாசிக்கத் தெரியேல்ல. இருபத்தேழு வருசமா இதில என்ன எழுதியிருக்கெண்டு எனக்கு அறிய ஆசை."

1992 ஓகஸ்ட் 12. சுவிஸ்காரரின்ர எழுத்துகளுக்கு நடுவில, நீல மையில, தமிழ்.

அதுக்கு முதல் ரேகுலா சொன்னதை எழுத வேணும். அண்டைக்குப் பகல் முழுக்கப் புகாராம், ஆலங்கட்டி மழையாம். ரெண்டு மணித்தியாலம் அடிச்சும் ஒருத்தரும் வரேல்லையாம். பிறகு கதவடியில ஒரு சத்தம். திறந்தால் ஒரு பொம்பிளை, சேலைக்கு மேல கம்பளிச் சட்டை. கணுக்கால் முறிஞ்சு, கையை ஊண்டி அரக்கி அரக்கி மணிச் சத்தத்துக்கு வந்திருக்கிறா. "வெறுங்கால்" எண்டா ரேகுலா. "அதுதான் எங்களுக்கு இண்டைக்கு வரைக்கும் விளங்கேல்ல. அந்தக் குளிரில, இந்தக் கல்லில, ஏன் வெறுங்காலோட?" மூண்டு நாள் வச்சுப் பாத்தவையாம். இத்தாலிப் பக்கம் றோட்டு கிட்ட எண்டதால, கோவேறு கழுதையில ஏத்தி அங்கத்தை டொக்டரிட்டக் கொண்டுபோய் விட்டவையாம். அடுத்த வருசம் பலேர்மோ எண்ட ஊரில இருந்து கடல் படம் போட்ட தபாலட்டை ஒண்டு வந்ததாம். பிறகு ஒண்டும் இல்லை.

நான் வாசிச்சன். தமிழில ஒருக்கா, ஜேர்மனில ஒருக்கா.

"பேர்: மனோன்மணி. இடம்: கரவெட்டி. போறது: சூரிக்கில மகனிட்ட, காலம் சரிவந்தால். இந்த வீட்டு அம்மா சூப் தாறா. உப்புக் காணாது, ஆனா தங்கமான மனிசி. அவவின்ர மகள் மணி அடிச்சு அடிச்சுக் கை பொக்களிச்சுப் போச்சு. என்னோட வந்த பிள்ளை ஒண்டு செருப்போட வந்தவள், வார் அறுந்து போச்சு. சப்பாத்தை நான்தான் அவளுக்குக் குடுத்தனான். அவள் என்னை விட்டிட்டுப் போகேல்ல, நான்தான் போகச் சொன்னனான். பிள்ளை, நீ எப்பவாவது இதால வந்து இதை வாசிச்சால் அழாத. சப்பாத்தைத் திருப்பித் தர வேண்டாம்."

ரேகுலா மேசையில கையால அடிச்சா. "ஆ! குடுத்தவவோ! அதுதானோ விசயம்! எவ்வளவு நல்ல மனிசி." அவவுக்குக் கண் கலங்கிட்டுது. பிறகு உப்பைப் பற்றின பகுதியைத் திரும்பச் சொல்லச் சொல்லிச் சிரிச்சா.

"ஓம், நல்ல மனிசி" எண்டன்.

நானும் இண்டைய புத்தகத்தில எழுதினன். கௌரி. கீழ இருந்து. கீழ போறன்.

ஓகஸ்ட் 12, திங்கள்

மனோன்மணி அக்கா குடுக்கேல்ல.

எல்லைக் கல்லுக்குக் கிட்ட அவ சறுக்கி விழுந்தவ. கால் மடங்கின சத்தம் எனக்குக் கேட்டது. மணி அடிக்கத் தொடங்கினது அப்பதான். பெடியன் ஓடுங்கோ ஓடுங்கோ எண்டு கத்தினான். என்ர ஒரு செருப்பு ஏற்கனவே இல்லை. அக்கா நிலத்தில கிடந்து, "பிள்ளை, என்னைப் பிடி, பிடி" எண்டு கையை நீட்டினவ. நான் குனிஞ்சனான். கையைப் பிடிக்கேல்ல. வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து, நாடாவை அவிழ்த்து, ரெண்டையும் கழட்டினனான். முறிஞ்ச காலில இருந்ததைக் கழட்டேக்க அவ கத்தினவ. போட்டுக்கொண்டு ஓடினன். ஒரு சொல்லுச் சொல்லேல்ல, திரும்பிப் பாக்கேல்ல. புகாருக்குள்ள திரும்பிப் பாத்தும் என்ன தெரியும் எண்டு பிறகு எனக்கு நானே சொன்னனான்.

நீலப் பைக்குள்ள இருக்கிறது அந்தச் சப்பாத்து. எறிய ஏலேல்ல. பாக்கவும் ஏலேல்ல.

நான் வருவன் எண்டு அவ எப்பிடி நினைச்சா? முறிஞ்ச காலோட இருந்து, என்னைக் காப்பாத்த ஒரு பொய் எழுதி வச்சிருக்கிறா.

ஓகஸ்ட் 25, ஞாயிறு

பலேர்மோவில இருக்கிற என்ர மச்சாள் வனசாவுக்குப் போன கிழமை போன் பண்ணி, கரவெட்டி மனோன்மணி எண்டு ஒருவர் இருந்தவவோ எண்டு விசாரிக்கச் சொன்னனான். இண்டைக்கு எடுத்தவ.

"ஓமடி, இருந்தவவாம். மகன் சூரிக்கில இருந்து இஞ்ச வந்து சேந்தவராம். 2011 இல கண்ணை மூடிட்டா. சேர்ச்சுக்குப் பக்கத்துச் சந்தையில மரக்கறி விக்கிறவவாம், நல்ல பகிடிக்காரியாம். கடைசி மட்டும் கொஞ்சம் நொண்டித்தான் நடந்தவவாம். ஏனடி கேக்கிறாய்?"

"சும்மாதான்" எண்டன்.

பிறகு குசினியில இருந்து அழுதன். நல்லா அழுதன். அழாத எண்டு எழுதினவ அவ, ஆனா அது குடுக்க வாங்கினவளுக்குச் சொன்னது, கழட்டினவளுக்கில்லை.

செப்டெம்பர் 18, புதன்

சிவநேசனிட்டச் சொல்லிட்டன். லொறி இல்லை எண்டதில இருந்து சப்பாத்து வரைக்கும். கத்துவார் எண்டு நினைச்சன். தேத்தண்ணி ஆறிப்போகும் வரைக்கும் கரண்டியால கலக்கிக்கொண்டு இருந்தார்.

"இருபத்தைஞ்சு வருசம் என்னட்டயும் லொறியோ?" எண்டார்.

"ஓம்."

"நாளைக்கு அங்க என்ன சொல்லப் போறீர்?"

"தெரியாது."

"கௌரி, ஓகஸ்டில போனனான், நல்ல காட்சி எண்டு சொல்லும். அது உண்மை. முழுக்க உண்மை. அதோட நிப்பாட்டும். ஒரு சப்பாத்துக்காக எல்லாத்தையும் கவிழ்க்காதையும்."

அவர் சொல்லுறது சரிதான். நானும் அப்பிடித்தான் செய்வன் எண்டு நினைச்சுக்கொண்டு படுக்கப் போறன்.

செப்டெம்பர் 19, வியாழன்

போக முதல் நிலவறைக்குப் போய் நீலப் பையை எடுத்தனான். ஏன் எண்டு எனக்கே தெரியேல்ல. சிவநேசன் பையைக் கண்டார், ஒண்டும் கேக்கேல்ல. ஊர்ச்சபை வாசலில "நான் வெளியில நிக்கிறன்" எண்டார்.

அதே ஐஞ்சு பேர். தலைவி சிரிச்சுக்கொண்டு, "இப்ப ஷாஃப்பாஸுக்குப் போயிருக்கிறியளோ?" எண்டா.

"ஓம். ரெண்டு தரம்."

"நல்லது! எப்ப எப்ப?"

"இந்த வருசம் ஓகஸ்ட் பதினொண்டு" எண்டன். பிறகு வாய் தானா நடந்தது. "1992 ஓகஸ்ட் பன்னிரண்டு."

தலைவியின்ர பேனை நிண்டுது. நான் எல்லாத்தையும் சொன்னன். பாடமாக்கின லொறி, புகார், மணி. அக்கா கையை நீட்டினது. நான் என்னத்தைக் கழட்டினனான் எண்டது. என்ர ஜேர்மன் எல்லா வேற்றுமையிலயும் பிழைச்சுது, ஒருத்தரும் திருத்தேல்ல. "அந்த நேரம் பொய் சொன்னனான். போன முறை இஞ்சயும் பொய் சொன்னனான். மூண்டாந் தரம் சொல்ல ஏலாது" எண்டு முடிச்சன்.

தலைவி கடதாசியைப் புரட்டினா. பக்கத்தில இருந்த கண்ணாடிக்காரர், "இதைக் கன்டோன் அரசுக்கு அறிவிக்க வேண்டி வரலாம்" எண்டார்.

அப்பதான் இம்போடன் வாயைத் திறந்தார். "எந்தச் சப்பாத்து?"

பையைத் திறந்து மேசையில வச்சன். வெள்ளை எல்லாம் மஞ்சளாகி, நாடா ஒரு பக்கம் அறுந்து. அவர் எழும்பி வந்து ஒண்டைக் கையில எடுத்தார். திருப்பி அடியைப் பாத்தார். பெருவிரலால அமத்தினார், அடி ரெண்டா மடங்கிச்சுது.

"இதோடயோ ஷாஃப்பாஸ்?"

"இதோட நான். இதுவும் இல்லாமல் அவ."

அவர் சப்பாத்தை மெல்ல மேசையில வச்சார், சோடியா, நேரா. "எனக்கு வேற கேள்வி இல்லை" எண்டு போய் இருந்திட்டார்.

வெளியில வந்தால் சிவநேசன் ஓடி வந்தார். "என்ன கேட்டவை?"

"சப்பாத்தைப் பற்றிக் கேட்டவை."

அவர் பையை என்ர கையில இருந்து வாங்கிக்கொண்டார். வீடு வரைக்கும் அவர்தான் கொண்டுவந்தார்.

ஒக்டோபர் 4, வெள்ளி

கடிதம் வந்தது. மூண்டு பேர் ஓம், ரெண்டு பேர் இல்லை. ஓம்தான் வெண்டது. அடியில இம்போடனின்ர கையெழுத்தில ஒரு வரி: அடுத்த கோடையில திருவாளர் சிவநேசன் தான் கண்ட நல்ல காட்சியை எனக்கும் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட வேணும். சிவநேசன் அதை மூண்டு தரம் வாசிச்சிட்டு, மோட்டர் பூட்டின சைக்கிளுக்கு என்ன விலை எண்டு தர்மிகாவிட்டக் கேக்கிறார்.

இந்தக் கிழமையோட மடத்தைப் பூட்டிப்போடுவினம், பனி வருது. அதால இண்டைக்கே ரேகுலாவுக்கு ஒரு பொதி அனுப்பினனான். உள்ள ஒரு கடிதம். புத்தகத்தில மனோன்மணி அக்காவின்ர பக்கத்தில ஒட்டி விடுங்கோ எண்டு கேட்டிருக்கிறன். அதில எழுதினது:

சப்பாத்தை அவ குடுக்கேல்ல. நான் கழட்டினனான். கௌரி.

கூடவே ஒரு சோடி புது மலைச் சப்பாத்து, அக்காவின்ர அளவு, முப்பத்தெட்டு. ராக்கையில வையுங்கோ, ஆரும் செருப்போட வந்தால், அவை கேக்க முதல் குடுங்கோ எண்டு எழுதினனான்.